சின்னம்மா கூடைக்கு இரண்டு கட்சி

பேச்சில் என்னை மடக்கியவர்கள் அப்புத்தளைக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் படித்தது கொஞ்சம். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், நிறுத்தி நிறுத்தி எழுதுவேன். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து ஆறிப்போகும். ஆனால் நான் போன பள்ளிக்கூடத்தில் எழுத்தைவிடப் பேச்சைத்தான் அதிகம் கற்றோம். அப்படி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்று சொன்னால் இப்போது படிக்கிற பிள்ளைகள் நம்புவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அது இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். கோப்பி இருந்த காலத்தில் கோப்பிக்கொட்டையைக் கொட்டி வைத்த பழைய கட்டடம். கோப்பி செத்து, மலையெல்லாம் தேயிலை வந்த பிறகு அது சும்மா கிடந்தது. அதற்கு முன்னால்தான் பெரட்டுக் களம். விடியும் முன்பே தப்பு அடித்து ஆட்களை அங்கே கூட்டி, யார் எந்த மலைக்குப் போவது என்று வேலை பிரித்து அனுப்புவார்கள். பெரியவர்கள் மலை ஏறிய பிறகு நாங்கள் சிலேட்டோடு உள்ளே போவோம். கதவு சரியாகச் சாத்தாது. பனி எங்களோடு கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்வரிசைப் பிள்ளைகளின் முகம் வாத்தியாருக்குத் தெரிய வெயில் ஏற வேண்டும். அதுவரை பின்வரிசையில் யாரும் பாடம் சொல்ல மாட்டார்கள்.

வாத்தியார் வயது குறைந்தவர். திருச்சிப் பக்கத்து ஆள். மற்றவர்களைப் போலத் தோட்ட வேலைக்குத்தான் வந்தார். நன்றாக வாசிக்கத் தெரிந்ததால், தேயிலைச் செடியைக் கழித்து விடும் கவ்வாத்துக் கத்தியை வாங்கி வைத்துவிட்டுக் கையில் பிரம்பைக் கொடுத்தார்கள். ஆனால் தோட்டத்தில் அவர் பேர் எடுத்தது பிரம்பினால் அல்ல, மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தில். காமன் எரிந்தானா எரியவில்லையா என்று ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருவர் பாட்டில் கேட்க மற்றவர் பாட்டில் மடக்க, லாவணி நடக்கும். வாத்தியார் எரியாத கட்சி. எங்கள் மலையில் கொழுந்து நிறுத்து ஆட்களின் பேர் எழுதும் கணக்கப்பிள்ளை எரிந்த கட்சி. இரண்டு பேரும் பாட நின்றால் அடுத்த தோட்டத்து ஆட்களும் பந்தம் கொளுத்திக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அந்தப் பழக்கத்தை வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். வாய்ப்பாடும் எழுத்தும் முடிந்ததும் பிரம்பைத் தரையில் வைத்து வகுப்பை இரண்டாகப் பிரிப்பார். பிரம்புக்கு அந்தப் பக்கம் கதவுக் கட்சி, இந்தப் பக்கம் சுவர்க் கட்சி. ஆட்களை வேலை வாங்கும் கங்காணிமார் வீட்டுப் பிள்ளைகள் பெஞ்சிலும் நாங்கள் சாக்கிலும் உட்காருவது வழக்கம். பிரம்பு அந்தப் பெஞ்சையும் குறுக்கே வெட்டும், சாக்கையும் குறுக்கே வெட்டும். பிறகு ஒரு கேள்வி போடுவார். எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோமோ அந்தக் கட்சிக்குத்தான் பேச வேண்டும், பாட வேண்டும். மனசுக்குள் வேறு மாதிரி நினைத்தாலும் சரி. மறுநாள் அதே கேள்விக்குக் கட்சி மாறும். நேற்று நாம் கட்டியதை இன்று நாமே இடிக்க வேண்டும். கேள்வியை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், ஆனால் யார் வீட்டில் நடந்தது என்று பேர் சொல்லக் கூடாது. கடைசியில் எது சரி என்று வாத்தியார் சொல்லவே மாட்டார். கேட்டால், "எனக்குத் தெரிஞ்சா ஒங்ககிட்ட ஏன் கேக்குறேன்?" என்பார்.

லயத்து வரிசையில் அடுத்த காம்பரா, அதாவது பக்கத்து அறை வீட்டுக் கோழி உங்கள் அடுப்படியில் வந்து முட்டையிட்டால் முட்டை யாருக்கு? இது ஒரு கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு அன்று முழுவதும் கத்தினோம்.

"எங்க வீட்டுல போட்டா எங்களுக்குத்தான்" என்றான் கதவுக் கட்சிப் பையன் ஒருவன்.

"அப்ப ஒங்க மாடு எங்க வாசல்ல சாணி போட்டா?"

"எடுத்துக்க."

"எங்களுக்கு வேணாம். நீயே வந்து அள்ளு."

"கோழி ஆளைப் பாத்துத்தான் முட்டை போடும். நாங்க நல்லவங்க."

"அப்ப மாடு?"

வாத்தியார் சிரிப்பை அடக்க முடியாமல் பலகைப் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய முதுகு குலுங்குவதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கங்காணியிடம் சொல்லச் சொல்லி அப்பாவே அனுப்பினால் பிள்ளை சொல்லலாமா, இது இன்னொரு கேள்வி. அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும்.

இனி சின்னம்மா கதைக்கு வருகிறேன். என் அம்மாவின் தங்கை. எங்கள் காம்பராவில் எங்களோடுதான் இருந்தாள். அவள் புருஷன் தகப்பனார் சாவுக்கு ஊருக்குப் போனவர், இராமேசுவரம் வழியாகக் கடல் தாண்டி அப்போது இன்னும் திரும்பி வரவில்லை. சின்னம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை, மாதம் ஏறிவிட்டது. நிறைவயிற்றோடு தேயிலைத் தூருக்குள் குனிந்து கொழுந்து பறிப்பது எப்படி இருக்கும் என்று பறித்தவர்களுக்குத் தெரியும். நிறையில் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும். பேர் குறைந்தால் அளந்து போடும் அரிசி குறையும். அதனால் கூடப் பறிக்கும் பெண்கள் ஒரு காரியம் செய்துவந்தார்கள். கொழுந்தை ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, அனுப்பும் முன் நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கி வரும் வழியில் ஒரு வளைவு உண்டு. அங்கே கங்காணி முன்னால் போனதும் ஆளுக்கு இரண்டு கை அள்ளிச் சின்னம்மா கூடையில் போட்டுவிடுவார்கள். தராசில் எல்லாம் அவள் பறித்ததுதான். முழுப்பேர்.

இது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒருநாள் கீழ் லயத்துச் சின்னப் பெண் ஒருத்தி எழுந்து நின்று கேள்வி கொண்டுவந்தாள். "ஐயா, ஒரு அம்மாவுக்கு வயித்துல புள்ள. அவங்களால ரொம்பப் பறிக்க முடியல. கூட இருக்குறவங்க அவங்க கூடையில கொழுந்து போட்டுட்டு, எல்லாம் அவங்க பறிச்சதுன்னு சொல்றாங்க. அது தப்பா?"

பேர் சொல்லவில்லை. ஆனால் அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் கூரையைப் பார்த்தேன்.

வாத்தியார் பிரம்பை வைத்தார். நான் சுவர்க் கட்சி. சுவர்க் கட்சி 'தப்புத்தான்' என்று பேச வேண்டும். கதவுக் கட்சி 'தப்பில்லை' என்று பேச வேண்டும். அந்தக் கட்சிக்கு முன்னால் நின்றவன் யார் என்றால், கணக்கப்பிள்ளையின் மகன். என்னைவிட ஒரு வயது பெரியவன், நல்ல குரல், கொஞ்சம் தலைக்கனம். என்னைவிடக் குறைவுதான்.

அவன் சிலேட்டைத் தட்டிக்கொண்டு தொடங்கினான்:

*ஒரே மலை, ஒரே கொழுந்து, ஒரே ஸ்டோருக்குப் போகுது — இதுல*
*யார் கூடையில வந்தா என்ன, யாருக்கு என்ன நோவுது?*

கதவுக் கட்சி 'ஏ' என்று கூவியது. என் கட்சிப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நடந்தது என் சின்னம்மா விஷயம், நான் விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அப்போது சின்னம்மா நினைவு வரவில்லை. பாட்டுத்தான் நினைவில் இருந்தது. நின்ற இடத்திலேயே கட்டினேன்:

*கொடுக்குற கை நல்ல கைதான், குத்தம் சொல்ல மாட்டேன் — அதை*
*மடுவத்து முன்னாலே செய்யாம மறைச்சது ஏன்னு கேட்டேன்.*

அவ்வளவுதான். அவனால் பதில் கட்ட முடியவில்லை. தொண்டையைச் செருமினான், சிலேட்டைத் தட்டினான், மேலே கீழே பார்த்தான். தர்மம் என்றால் ஏன் மறைக்க வேண்டும்?  சுவர்க் கட்சி ஜெயித்தது. என்னைத் தோளில் தூக்காத குறை.

தோற்றவன் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்தானா? மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே தகப்பனிடம் கேட்டிருக்கிறான். "ஏம்ப்பா, கொழுந்து குடுக்குறது தர்மம்னா ஏன் ஒளிச்சுக் குடுக்கணும்?"

"யாரு, என்னாத்த ஒளிச்சா?"

"பேர் சொல்லக் கூடாதுப்பா. வாத்தியார் சொல்லியிருக்காரு."

பையன் நாணயமானவன், பேர் சொல்லவில்லை. ஆனால் அந்த மலையில் கொழுந்து பறித்தவர்களில் வயிறு தள்ளி நின்றது சின்னம்மா ஒருத்திதான். அன்று சாயங்காலம் பெண்கள் இறங்கி வந்தபோது கணக்கப்பிள்ளை மடுவத்தில் இல்லை, வளைவில் நின்றார். ஒரு கைக் கொழுந்துகூட மாறவில்லை. சின்னம்மா கூடை தனியாகத் தராசில் ஏறியது. அரைப் பேர்.

"நாளையிலேர்ந்து எவ கூடையில எவ கை இருந்தாலும் ரெண்டு பேருக்கும் அரைப் பேருதான்" என்று சொல்லிவிட்டு, வழியில் வாத்தியாரைக் கண்டதும், "நாளைக்கு ஒங்க பள்ளிக்கூடத்தப் பாக்க வாரேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

காம்பராவில் அம்மா என்னை உலுக்கிவிட்டாள். சின்னம்மா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "விடுக்கா" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீதான் ஜெயிச்சியாமே?"

"ஆமா சின்னம்மா."

"என்னாத்தப் பாடுன? பாடு, கேப்போம்."

பாடினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டாம் தரமும் பாடச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கே பதில் வரல" என்றாள். "நாளைக்கு நீ எந்தக் கட்சி?"

"கதவுக் கட்சி. தப்பில்லேன்னு பாடணும்."

"அப்ப ஒன் பாட்டுக்கு நீயே பதில் பாடணும். கணக்கப்புள்ள வேற வர்றாரு. பாடலேன்னா ஒனக்குக் கஞ்சி கெடையாதுடி."

கஞ்சி கிடையாது என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தினமும் அரைப் பேர் விழுந்தால் அந்தக் கஞ்சி அவளுக்கே குறையும், வயிற்றில் இருப்பதற்கும் குறையும். அது எனக்குத் தெரியும். பாயில் படுத்து எத்தனையோ கட்டிப் பார்த்தேன். நான் போட்ட கேள்வி இவ்வளவு கெட்டியான கேள்வி என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கஷ்டத்திலும் ஒரு சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதில் விடியற்காலையில் தப்புச் சத்தத்தோடு வந்தது. பெரட்டுக்குத் தப்பு அடித்ததும் போன மாதத்துப் பெரட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. சின்னம்மாவுக்கு இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க நானும் களத்துக்குப் போயிருந்தேன். அன்றைக்கு அவள் கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்று, "ஐயா, ஸ்டோர்ல ஒக்காந்து எலை பொறுக்குற வேல குடுங்க, குனிய முடியல" என்று கேட்டாள். அவர், "நாற்காலி ஒண்ணும் போடவா?" என்றார். களம் முழுவதும் சிரித்தது. சின்னம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு மலை ஏறினாள்.

அன்று வாய்ப்பாடும் எழுத்தும் முடிந்தன. கணக்கப்பிள்ளை வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். வாத்தியார் ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டார். கணக்கப்பிள்ளை உட்காரவில்லை.

"பெரியவங்க செய்றத எல்லாம் புள்ளைங்க ஞாயம் பேசுதுங்களாமே" என்றார்.

"ஆமாங்க. ரெண்டு பக்கமும் பேசுவாங்க. நேத்து ஒரு பக்கம், இன்னிக்கி மறு பக்கம்" என்றார் வாத்தியார். பெட்டியைத் துடைத்த துணியை மடித்தார், மறுபடி பிரித்தார். அவருக்கும் அது வேலை விஷயம்தான்.

"எங்க, பேசட்டும் பாப்பம்."

கட்சி மாறினோம். கணக்கப்பிள்ளை மகன் இப்போது சுவர்க் கட்சி. அவன் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு, நான் நேற்று பாடினதையே எடுத்து என் மேல் வீசினான். 'மறைச்சது ஏன்னு கேட்டேன்' என்று முடிக்கும்போது கையை வேறு நீட்டிக் காட்டினான். நான் கணக்கப்பிள்ளையைப் பார்க்காமல், எதிரில் இருந்த சுவரைப் பார்த்துப் பாடினேன்:

*ஒளிச்சுக் கொடுத்தது ஏன்னு கேட்டா ஒண்ணே ஒண்ணு கேக்கவா — அன்னிக்கி*
*வெளிச்சத்துல வந்து கேட்டப்ப வெரட்டி விட்டது நாங்களா?*

ஒரு பிள்ளையும் சிலேட்டைத் தட்டவில்லை.   வாத்தியார் பிரம்பை எடுக்கலாமா வேண்டாமா என்று குனிந்தபடி நின்றார்.

அப்போது அந்தப் பையன் பாடினான். நேற்று வாயடைத்துப் போனவன் இன்று தகப்பனுக்காகக் கட்டினான்:

*தராசு புடிக்கிற கைக்கு மேல தொரை கண்ணு இருக்குது — ஒரு*
*ராத்தல் கூட்டி எழுதுனாலும் ராத்தூக்கம் கெடுக்குது.*

நல்ல பாட்டு. எதிரி பாடினாலும் நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளையும் தோட்டத்து ஆள்தான், அவருக்கும் மேலே துரை என்று ஒருவன் தராசு பிடிக்கிறான் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் 'ராத்தூக்கம்' என்ற இடத்தில் பையன் ராகத்தை விட்டுவிட்டான். கதவு நிலையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒரு விரல் நின்றது.

"அந்த எடத்துல இழுக்கணும்டா" என்றார் கணக்கப்பிள்ளை. "எரிஞ்ச கட்சி மானத்த வாங்காத."

இழுத்துக் காட்டினார். காட்டியவர் நிறுத்தவில்லை, அடியை முழுதாகப் பாடினார். கூத்தில் கேட்ட அதே குரல். பிரம்புக்குக் குனிந்தே நின்ற வாத்தியார் அந்தக் குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார். எதிர்க்கட்சி பாடிவிட்டு நிற்கும்போது சும்மா இருக்க அவருக்குப் பிறவியிலேயே வராது. எங்கள் கட்சிக்காகப் பாடினார்:

*தொரை கண்ணு ரெண்டே கண்ணு, தோட்டமெல்லாம் பாக்குமா — நீங்க*
*ஒரு கண்ண மூடிக்கிட்டா ஒலகம் வந்து கேக்குமா?*

பிறகு நடந்ததை ஒழுங்காக எழுத முடியாது. இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பாடினார்கள். நாங்கள் சிலேட்டைத் தட்டினோம், தரையைத் தட்டினோம், ஒரு பிள்ளையின் சிலேட்டு இரண்டாக உடைந்தது. அழுதுகொண்டே அந்தப் பிள்ளையும் இரண்டு துண்டையும் சேர்த்துத் தட்டியது. பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கும் ஆயா இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக வந்து வாசலில் நின்றாள். ஒரு கட்டத்தில் கணக்கப்பிள்ளைக்குத் தான் எதற்கு வந்தோம் என்ற நினைவு வந்திருக்க வேண்டும். பாட்டை நடுவில் விட்டு, வேட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"புள்ளைங்களுக்குக் கணக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றார் வாத்தியாரிடம். என் பக்கம் திரும்பி, "நீ அந்தப் பொம்பள வீட்டுப் புள்ளதானே?" என்றார்.

"பேர் சொல்லக் கூடாதுங்க" என்றேன்.

அவர் இறங்கிப் போனார். யார் ஜெயித்தது என்று நாங்கள் கேட்டதற்கு வாத்தியார், "எனக்குத் தெரிஞ்சா ஒங்ககிட்ட ஏன் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தார்.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை சின்னம்மாவைக் கூப்பிட்டு ஸ்டோரில் வேலை கொடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கொடுக்கவில்லை. வழக்கம்போல மேல் மலைக்கே அனுப்பினார். வளைவில் இனிமேல் நிற்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெண்கள் பயந்துகொண்டு தங்கள் கொழுந்தைத் தங்கள் கூடையிலேயே வைத்துக்கொண்டு இறங்கினார்கள். நானும் இன்னும் சில பிள்ளைகளும் மடுவத்துக்கு ஓடிப்போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சின்னம்மா கூடை பாதிகூட இல்லை. அவள் வரிசையில் கடைசியில் நின்றாள்.

அவள் முறை வந்தது. கணக்கப்பிள்ளை தராசைப் பிடித்தவர் விட்டுவிட்டார். "செத்த இருங்க" என்றார். மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார். எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டி, அப்புத்தளை மலைப் பக்கம் திரும்பி நின்று ஒரு வெற்றிலையை எடுத்தார், துடைத்தார், காம்பைக் கிள்ளினார், சுண்ணாம்பைத் தடவினார். ஒரு வெற்றிலைக்கு அவ்வளவு சுண்ணாம்பு தடவினால் வாய் வெந்துபோகும்.

"தொரை பாதையில மேகம் எறங்கிருச்சு. ஒண்ணுந் தெரியல" என்றார், மலையைப் பார்த்தபடியே.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒருத்திக்கு விளங்கியது. அவள் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளினாள். அடுத்தவள் அள்ளினாள். அப்புறம் கூடையும் கையும் எது யாருடையது என்று தெரியவில்லை. மடுவத்துக்கு முன்னாலேயே, எல்லாரும் பார்க்க, அள்ளி அள்ளிப் போட்டார்கள். சந்தோஷத்தில் அளவு தெரியாமல் போட்டுவிட்டார்கள்.

கணக்கப்பிள்ளை திரும்பினார். கூடையைத் தராசில் மாட்டினார். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்தார். மலையிலேயே கைவேகக்காரிக்குக்கூட அன்றைக்கு அவ்வளவு நிறை இல்லை.

"ஏம்புள்ள" என்றார் சின்னம்மாவிடம், "வயித்துல இருக்குறதையும் சேத்துப் பறிக்க விட்டுட்டியா?"

சின்னம்மா கூடையின் தலைக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "ஆமாங்க. அதுக்குத் தனியா ஒரு அரைப் பேரு போடுங்க."

மடுவம் முழுவதும் சிரித்தது. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. சிரிப்பை வெற்றிலையோடு சேர்த்து மென்றுகொண்டே, சின்னம்மா பேருக்கு நேரே முழுப்பேர் எழுதினார்.